தொண்ணூற்றோராம் நாள்

நில வழக்கில் தோற்றவர் அப்பீலுக்குக் கிளம்பும்போது முதலில் பார்க்க வேண்டியது பட்டாவையோ கிரயப் பத்திரத்தையோ அல்ல, தீர்ப்பு நகலில் உள்ள தேதிகளை. நகலுக்கு மனுப் போட்ட தேதி, முத்திரைத்தாள் கேட்ட தேதி, அதைக் கட்டிய தேதி, நகல் தயாரான தேதி என்று வரிசையாகக் குறித்திருப்பார்கள். வக்கீல் குமாஸ்தா விரல்விட்டு எண்ணுவது அவற்றைத்தான். நகல் வாங்கப் பிடித்த நாட்களைக் கழித்துவிட்டு, மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். கணக்கு ஒரு நாள் பிசகினாலும் நிலம் யாருடையது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடும். அந்த ஒரு நாள் ஏன் போனது என்பதே வழக்காகிவிடும்.

கம்பெனி ஆட்சியில் மாகாணத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. வங்காளத்தில் 1793லும் சென்னையில் 1802லும் வந்த ஒழுங்குவிதிகள், வழக்குத் தொடரவே 12 ஆண்டு என்று வரம்பு கட்டின. 1859ல் காலவரையறைக்கெனப் பொதுச் சட்டம் வந்தது. அதே ஆண்டு வந்த சிவில் நடைமுறைச் சட்டம், ஜில்லா நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு முன்னோடியான சதர் நீதிமன்றத்துக்கு 90 நாள் என்று அப்பீலுக்குக் கெடு வைத்தது. போதுமான காரணம் காட்டினால் கெடு கடந்தும் ஏற்கலாம் என்று ஒரு கதவையும் திறந்து வைத்தது. 1871, 1877, 1908, 1963 என்று காலவரையறைச் சட்டம் மறுபடி மறுபடி எழுதப்பட்டது. அந்த 30ம் 90ம் அசையவில்லை. ரயில் எட்டாத திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு வந்து அப்பீல் போட்டவருக்கும் 90 நாள், இன்று மதுரைக் கிளைக்குப் பேருந்தில் போகிறவருக்கும் 90 நாள்.

மாறியதெல்லாம் அந்தக் கதவு எவ்வளவு திறக்கும் என்பதுதான்.

இதற்கு முதலில் தெளிவான விடை தந்த பெருமை சென்னை உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. ‘கிருஷ்ணா எதிர் சாத்தப்பன்’ என்ற வழக்கின் தீர்ப்பு 1890ஆம் ஆண்டுச் சென்னைத் தீர்ப்புத் தொகுதியில் இருக்கிறது. அப்பீல்காரரிடம் கவனக்குறைவு, செயலின்மை, கெட்ட எண்ணம் மூன்றும் இல்லையென்றால், நீதி கிடைக்கும்படி ‘போதுமான காரணம்’ என்பதைத் தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. ஒரே ஒரு நாள் தாமதமான ரேவா நிலக்கரி வழக்கில் 1961ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் எடுத்தாண்டது.

இன்னொரு பெரிய சிக்கலும் சென்னையில்தான் முளைத்தது. கெடு தாண்டிய அப்பீலை, எதிராளி வாய் திறக்காவிட்டாலும், நீதிமன்றம் தள்ளியே ஆக வேண்டும். தாமதத்தை மன்னித்த பிறகே நிலத் தகராறைத் தொட அதற்கு அதிகாரம் வருகிறது. ஆனால் அந்நாளில், எதிராளியைக் கேட்காமலே அப்பீலைக் கோப்பில் ஏற்றிவிட்டு, ஆட்சேபத்தைக் கடைசி விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடும் வழக்கம் இருந்தது. ஜெயித்தவர் நிம்மதியாக உழவும் முடியாது, விற்கவும் முடியாது. தோற்றவரோ ஆண்டுக்கணக்கில் செலவழித்த பிறகு, நாள் கடந்துவிட்டது என்ற ஒரே வரியோடு திரும்ப வேண்டியிருக்கும். முதல் உலகப் போர்க் காலத்தில் ஒரு சென்னை வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனபோது, இந்த முறை கூடாது, எதிராளிக்குத் தகவல் தந்து வாசலிலேயே தாமதத்தை முடிவு செய்யுங்கள் என்று அது வலியுறுத்தியது. நியாயமான அந்த யோசனை விதியாக, 1976 திருத்தத்தில் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 41ஆம் கட்டளை, விதி 3ஏ ஆக, வந்து சேர ஏறக்குறைய அறுபது ஆண்டு பிடித்தது.

மன்னிப்பு மனுக்களைப் புரட்டினால் தமிழ்நாட்டு வாழ்க்கை அப்படியே தெரியும். மஞ்சள் காமாலை, நாட்டு வைத்தியம், படுத்த படுக்கை, வெளியூர்ப் பிழைப்பு, வக்கீல் தகவல் சொல்லாதது. நிஜமாகவே காமாலையில் கிடந்தவரும் அதே வாசகத்தோடுதான் வந்து நிற்க வேண்டும். தமிழ்நாட்டு உரிமை வழக்கு ஒன்றில் 883 நாள் தாமதம். அது அப்பீல் அல்ல, தள்ளுபடியான மனுவை மீட்கும் மனு. ஆனாலும் கேள்வி அதேதான். தாமதம் தன் வக்கீலால் வந்தது என்றார் மனுதாரர். நுகர்வோர் மன்றமும் அந்த வக்கீல் அவருக்கு 50,000 ரூபாய் தர வேண்டும் என்று சொல்லியிருந்தது. கீழ் நீதிமன்றம் மன்னித்தது, உயர் நீதிமன்றம் மறுத்தது. 1998ல் உச்ச நீதிமன்றம் மறுபடி மன்னித்தது: எத்தனை நாள் என்பது அல்ல, சொல்லும் காரணம் நம்பத்தக்கதா என்பதே முக்கியம்.

தாராளத்தின் பலனை அரசும் வாங்கிக்கொண்டது. காஷ்மீரின் அனந்த்நாகில் நில எடுப்பு இழப்பீடு கனால் என்ற அந்த ஊர் நில அளவுக்கு 1000 ரூபாயிலிருந்து 8000 ரூபாயாக உயர்ந்தபோது, கலெக்டர் போட்ட அப்பீல் 4 நாள் பிந்தியது. 1987ல் அதை மன்னித்த உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு நாளுக்கும் கணக்குக் கேட்கும் பிடிவாதம் வேண்டாம் என்றது. நாலு நாளுக்குச் சரி. அதன்பின் நூற்றுக்கணக்கான நாட்கள் பிந்திய அரசு அப்பீல்களிலும் அதே தீர்ப்பு நீட்டப்பட்டதுதான் கொடுமை. சட்ட அலுவலர்களும் கோப்புகளும் கணினிகளும் உள்ள துறையையும், கைரேகை வைக்கும் விவசாயியையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமாகாது.

நிலம் கொடுத்தவர்களின் கதையோ ஒரே சீராக இல்லை. 2017ல் ஆந்திர நில உடைமையாளர்களின் 3671 நாள் தாமதத்தை உச்ச நீதிமன்றம் மன்னித்தது. தாமதமான காலத்துக்கு வட்டி மட்டும் கிடையாது என்றது. அதே ஆந்திராவில், சென்னைக்குக் குடிநீர் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டத்துக்காக 1989ல் எடுக்கப்பட்ட நிலத்துக்குக் கூடுதல் இழப்பீடு கேட்டு, உரிமையாளரின் வாரிசுகள் 5659 நாள் கழித்து வந்தார்கள். 2024 ஏப்ரலில் அவர்களுக்குக் கதவு திறக்கவில்லை.

அடுத்த ஆண்டு அரசுத் தரப்பின் முறை. கர்நாடகத்தில் ஒரு பெண்மணியின் நிலம் பற்றிய வழக்கில், 2006ல் அவருக்குச் சாதகமாக வந்த தீர்ப்பை எதிர்த்து மாநில வீட்டுவசதி வாரியம் 2017ல்தான் இரண்டாம் அப்பீல் போட்டது. தாமதம் 3966 நாள். உயர் நீதிமன்றம் மன்னித்திருந்தது. 2025 செப்டம்பரில் நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு அந்த மன்னிப்பை ரத்து செய்தது. அரசு அமைப்புகளின் மெத்தனத்துக்கு உயர் நீதிமன்றங்கள் அங்கீகாரம் தரக் கூடாது என்றும் சொன்னது.