ஔடததானமும் சக்திக்கேற்ற தியாகமும்

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நால்வகைப்படும் என்பது நம் ஆன்றோர் வகுத்த நெறி. இவற்றுள் ஔடததானமும் அபயதானமும் ஒருங்கே நிகழும் இடம் இக்காலத்து மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவாகும். நோய்க்கு மருந்தும் அஞ்சி வந்தவர்க்கு அடைக்கலமும் அங்கே இரவு பகலாகக் கிடைக்கின்றன. அவற்றை வழங்கும் மருத்துவரே தளர்ந்துபோனால் அவருக்கு அபயம் அளிப்பவர் யார்? இவ்வினா எழுந்த வரலாறு அண்மைக் காலத்ததே.

அமெரிக்க மருத்துவமனைகளில் 1960 வரை இப்பிரிவுக்கெனத் தனி மருத்துவர் பெரும்பாலும் இல்லை. பயிற்சி மருத்துவர்களும் பிற துறையினரும் முறைவைத்துப் பார்த்துவந்தனர். 1961-இல் வர்ஜீனியா மாநிலத்து அலெக்சாந்திரியா நகரில் ஜேம்ஸ் மில்ஸ் என்னும் மருத்துவரும் தோழர் மூவரும் தம் சொந்த மருத்துவத் தொழிலை விட்டு, ஆண்டு முழுவதும் இப்பணியையே மேற்கொண்டனர். 1979-இல் அந்நாட்டில் இது தனி மருத்துவத் துறையாக ஏற்கப்பட்டது.

இதற்கிடையே நியூயார்க்கில் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்னும் உளவியலாளர், பகலில் தம் தொழிலையும் இரவில் ஏழையர்க்கான இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டும் செய்து, இறுதியில் தாமே தளர்ந்து வீழ்ந்தார். அந்நிலைக்கு 1974-இல் ‘பர்ன் அவுட்’ என்று பெயரிட்டு எழுதினார். ஈடுபாடு மிக்கவர்களே இதற்கு எளிதில் இரையாகின்றனர் என்பது அவர் கண்ட உண்மை. 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் ஆகிய இருவரும் இதனை அளக்கும் முறை ஒன்றை வெளியிட்டனர். மனச்சோர்வு, நோயாளியை உயிராக எண்ணாது பொருளாக எண்ணும் மனப்போக்கு, தம் பணியால் பயனில்லை என்னும் எண்ணம் ஆகிய மூன்றும் அவர்கள் கண்ட அடையாளங்கள்.

2020 ஏப்ரலில், பெருந்தொற்றின் கடுமையில், நியூயார்க்கின் அவசர சிகிச்சை மருத்துவர் லோர்னா பிரீன் அம்மையார் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மருத்துவப் பணியாளரின் மனநலம் காக்க 2022-இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

உமாஸ்வாதி ஆசாரியர் தத்வார்த்த சூத்திரத்தில் தீர்த்தங்கர நிலைக்குக் காரணமாகும் பதினாறு பாவனைகளைத் தொகுக்கின்றார். அவற்றுள் தியாகத்தையும் தவத்தையும் கூறுமிடத்து, ‘சக்திக்கேற்ப’ என்னும் வரையறையையும் சேர்த்தே வைத்தார். அளவற்ற தியாகத்தை அவர் கேட்கவில்லை. சக்தி கடந்து உழைப்பவரின் உள்ளத்தில் சினமும் வெறுப்பும் புகுகின்றன. கஷாயம் எழுந்த கணத்திலேயே முதலில் ஊறுபடுவது தன் ஆன்மாவே என்பது அகிம்சையைப் பற்றிய நம் ஆகமக் கொள்கை. மேற்கூறிய இரண்டாம் அடையாளத்தை இக்கொள்கையோடு ஒப்பிட்டால், இச்சோர்வு எவ்வளவு ஆழமான இம்சை என்பது விளங்கும்.

இன்று நம் குடும்பங்களிலும் மருத்துவப் பணியேற்ற மக்கள் உள்ளனர். இரவுப் பணி முடிந்து வரும் அவர்களிடம் பண்டிகைக்கு ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு முன், உறங்கினாயா, உண்டாயா என்று கேட்போம். அவசர சிகிச்சைப் பிரிவில் காத்திருக்க நேரும்போது பொறுமை காப்போம். ஔடததானம் செய்பவர்க்கு நாம் அளிக்கக்கூடிய அபயதானம் அதுவே.