பதிவேட்டில் நம் பெயர்

இளைஞர்களின் வேலைவாய்ப்புக்கென நகரில் ஓர் அலுவலகத்திற்கு இடம் அமைவது சிறு செய்தியாகத் தோன்றலாம். நமக்கு அது சிறிதன்று. பணியிடம் காலியான செய்தி உற்றார் வாயிலாகவே பரவிய காலத்தில், அலுவலகங்களில் உற்றார் இல்லாத நம் முன்னோர் அதனை அறிய வழியில்லை.

அண்ணல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக விளங்கியபோது, 1943இல் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் வகுப்பினருக்கு 8.33 விழுக்காடு ஒதுக்கப்பெற்றது. 1945இல், போர்ப்பணி முடித்து மீண்ட வீரர்களுக்காக அத்துறையின்கீழ் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தோன்றின. 1948இல் அவை வேலை தேடுவோர் அனைவருக்கும் திறக்கப்பெற்றன. 1959ஆம் ஆண்டுச் சட்டம், அரசு நிறுவனங்களும் 25 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரிந்த தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை அவ்வலுவலகங்களுக்கு அறிவிக்கப் பணித்தது. ஆயினும் அவற்றின் வழியாகவே ஆளெடுக்குமாறு கட்டாயப்படுத்தவில்லை.

ஒதுக்கீடு உரிமையைத் தந்தது. அலுவலகம் செய்தியைத் தந்தது. இவ்விரண்டையும் பணியாக மாற்ற வல்லது கல்வியே. இளைஞர்களே, தமிழ்நாட்டில் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும்; தவறினால் பதிவு மூப்பை இழக்க நேரும். நம் முன்னோருக்குக் கிட்டாத அவ்வரிசையில் நாம் பெற்ற இடத்தை மறதியால் இழத்தலாகாது.