குளிர்காலப் பயணமும் கிறிஸ்துமஸ் சந்தைகளும்



முப்பது ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் வரலாறு பயின்ற ஒருவர் அண்மையில் எனக்கொரு கடிதம் விடுத்திருந்தார். கல்லூரியில் பயிலும் தம் மகளுடன் ஐரோப்பாவின் கிறிஸ்துமஸ் சந்தைகளைக் கண்டுவர எண்ணியிருப்பதாகவும், பயணத் திட்டத்தை நான் பார்த்துத் திருத்தித் தரவேண்டும் என்றும் எழுதியிருந்தார். திட்டத்தை விரித்துப் பார்த்தேன். டிசம்பர் 24ஆம் நாள் இரவு சென்னையில் விமானம் ஏறுவது; பத்து நாளில் பத்து நகரங்களைப் பார்ப்பது. பழைய பழக்கம் என்னை விடவில்லை. சிவப்பு மையை எடுத்தேன்.

முதற் பிழை நாளில் இருந்தது. கிறிஸ்துமஸ் சந்தை கிறிஸ்துமஸுக்குப் பிறகு கூடுவதன்று. அதற்கு முன்னர்க் கூடுவது. பண்டிகைக்கு முந்திய நான்கு வாரங்களைத் திருவருகைக் காலம் என்பர். அதன் தொடக்கத்தையொட்டிக் கூடும் சந்தை, பெரும்பாலான ஊர்களில் டிசம்பர் 24ஆம் நாளோடு கலைந்துவிடும். பொங்கலுக்குரிய கரும்பும் மஞ்சட்கொத்தும் பொங்கலுக்கு முன்னரே விலைபோவதை நாம் அறிவோம் அல்லவா? அவ்வாறே இதுவும். என் மாணவர் குறித்த நாளிற் சென்றிருந்தால், கடைகளைப் பிரித்து அடுக்கிய பலகைகளையே கண்டு மீண்டிருப்பார். மகளின் கல்லூரித் தேர்வு முடிந்ததும், டிசம்பர் இரண்டாம் வாரத்திலேயே புறப்படுமாறு குறித்தேன்.

இரண்டாம் பிழை எண்ணிக்கையில் இருந்தது. அந்நாடுகளில் டிசம்பர்ப் பகல் மிகக் குறுகியது. மாலை நான்கு மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிடும். நாளுக்கொரு நகரம் என்று ஓடுபவருக்கு விளக்குகள் தெரியும், ஊர் தெரியாது. எனவே பத்தில் ஏழை நீக்கினேன். பிரான்சிலுள்ள ஸ்டிராஸ்பர்க், ஜெர்மனியிலுள்ள நூரெம்பர்க், டிரெஸ்டன் ஆகிய மூன்றை மட்டும் நிறுத்தினேன். இரு நாடுகளுக்கும் ஷெங்கன் விசா ஒன்றே போதும். மூன்று ஊர்களுக்கும் இரயிலிலேயே போகலாம். மேற்கிலிருந்து கிழக்கே போவது பயணத்தின் வரிசை. உங்களுக்கோ நான் வரலாற்றின் வரிசையிற் சொல்லப் போகிறேன்.

மூன்றனுள் மூத்தது டிரெஸ்டன் சந்தை. 1434ஆம் ஆண்டில் சாக்சனிக் கோமான் இரண்டாம் பிரெடரிக், கிறிஸ்துமஸுக்கு முந்திய திங்கட்கிழமையன்று ஒருநாள் சந்தை கூட்டிக்கொள்ள அவ்வூரார்க்கு உரிமை வழங்கினார். அன்று அங்கே விற்றது அழகுப் பொருளன்று, இறைச்சி. நோன்புக் காலம் முடிந்து விருந்துண்ண மக்களுக்கு இறைச்சி வேண்டியிருந்தது. அவ்வூரின் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் ரொட்டியின் கதையும் நோன்போடு சேர்ந்ததே. நோன்பு நாளில் வெண்ணெய் விலக்கப்பட்டிருந்தமையால் அந்த ரொட்டி எண்ணெயிற் செய்யப்பட்டுச் சுவையற்றிருந்தது. 1491இல் போப்பாண்டவர் எட்டாம் இன்னசென்ட் விடுத்த ஒரு கடிதத்தால் வெண்ணெய்க்கு இசைவு கிடைத்தது. அதனை ‘வெண்ணெய்க் கடிதம்’ என்றே வரலாறு வழங்குகிறது. ஒரு துண்டு ரொட்டிக்குள் அரசும் சமயமும் அடங்கியிருப்பதைக் காண்கிறோம்.

அடுத்தது ஸ்டிராஸ்பர்க். முன்பு அங்குப் புனித நிக்கோலாஸின் பெயரால் டிசம்பர்ச் சந்தை நடந்துவந்தது. மார்ட்டின் லூதர் தொடங்கிய சமயச் சீர்திருத்தம் அந்நகரில் வேரூன்றிய பின், புனிதர்களை வணங்குதல் ஆகாது என்ற கருத்து வலுத்தது. 1570இல் பழைய சந்தை நீக்கப்பட்டு, அதனிடத்தில் கிறிஸ்துக் குழந்தையின் பெயரால் புதிய சந்தை எழுந்தது. கொள்கை மாறிற்று, பெயர் மாறிற்று, ஆனால் வாங்குதலும் விற்றலும் நிற்கவில்லை.

மூன்றாவது நூரெம்பர்க். அச்சந்தைக்கு இன்று கிடைக்கும் மிகப் பழைய சான்று, 1628ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்துடைய ஒரு சிறு மரப்பெட்டி. அவ்வூரின் தேன் ரொட்டி உலகப் புகழ் பெற்றது. தேன் அருகிலிருந்த காட்டில் கிடைத்தது. ஆனால் மணப்பொருள்கள்? இஞ்சியும் ஏலமும் நம் மேலைக் கடற்கரைப் பகுதிகளிலும், இலவங்கப்பட்டை இலங்கையிலும் விளைந்தவை. அரபு நாடுகளையும் வெனிஸ் நகரையும் கடந்து அத்தகைய சரக்குகள் அவ்வூர் வணிகரை அடைந்தன. அயலார் பொருளின்றி அவ்வூரின் சொந்தப் பண்டமே இல்லை.

இதனை மனத்திற் கொண்டு, சந்தை கூடும் சதுக்கத்தின் கதையைக் கேளுங்கள். ஒரு காலத்தில் அங்கு யூதர்களின் குடியிருப்பு இருந்தது. 1349ஆம் ஆண்டு, மன்னர் நான்காம் சார்லஸின் இசைவோடு அவர்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் 500க்கும் மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டனர். அவ்விடத்தில் சந்தைச் சதுக்கம் அமைந்தது. அவர்களின் தொழுகைக்கூடம் நின்ற இடத்தில் மாதாவின் கோயில் எழுந்தது.

1933இல் ஆட்சிக்கு வந்த நாஜிகள், வேறிடங்களில் நடந்துவந்த சந்தையை மீண்டும் அச்சதுக்கத்துக்குக் கொணர்ந்து, சதுக்கத்துக்கு ஹிட்லரின் பெயரையும் சூட்டினர். இது கலப்பற்ற ஜெர்மானிய மரபு என்று காட்டுவதற்காகத் தொடக்க விழாவையும் பெரிய காட்சியாக்கினர். ஈராண்டு கழித்து, 1935 செப்டம்பரில், யூதர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டங்கள் அதே நகரில் அறிவிக்கப்பட்டன. பின்னர்ப் போர் மூண்டது, சந்தை நின்றது. 1945 ஜனவரி 2ஆம் நாள் குண்டுவீச்சில் பழைய நகரம் பாழாயிற்று. 1948இல் இடிபாடுகளுக்கிடையே சந்தை மீண்டும் கூடிற்று.

இன்று அச்சந்தையைத் தொடங்கிவைப்பவள் ஓர் இளம்பெண். 1969 முதல், ஈராண்டுக்கு ஒருமுறை அந்நகர்ப் பெண்களுள் ஒருத்தி கிறிஸ்துக் குழந்தையின் கோலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறாள். பொன்முடி தரித்து, மாதா கோயிலின் மாடத்தில் நின்று அவள் மக்களை வரவேற்பாள். 2019இல் தேர்வு பெற்ற மாணவியின் தந்தையார் இந்தியாவிற் பிறந்தவர். அவள் தோற்றத்தை இகழ்ந்து ஓர் அரசியற் கட்சியின் உள்ளூர்க் கிளையினர் எழுதினர். நகர மக்கள் அதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. எழுதியதை அவர்கள் நீக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டுச் சந்தையை அம்மாணவியே தொடங்கிவைத்தாள். எந்த இடத்தில் அயலார் என்று ஒரு கூட்டத்தார் அழிக்கப்பட்டனரோ, அவ்விடத்துக் கோயிலின் மாடத்தில் நின்று அவள் அனைவரையும் வருக என்றாள்.

மாணவர்களே, பழைய மரபு என்று ஒன்றை எவரேனும் உங்கள் முன் காட்டும்போது, அதனை யார் எப்போது மாற்றினார், யாரை உள்ளே விட்டார், யாரை வெளியே நிறுத்தினார் என்று கேளுங்கள். வரலாறு கற்பதன் பயன் அதுவே என நான் கருதுகிறேன்.

திருத்திய திட்டத்தின் அடியில் என் மாணவருக்கு இவ்வாறு எழுதி அனுப்பினேன்: “கம்பளி உடையும் நல்ல காலணியும் மறவாதீர். நூரெம்பர்க்கில் ஒரு தேன் ரொட்டி வாங்கி மகளிடம் கொடுத்து, அதன் மணம் எவ்வூரினது என்று கேளும். பிறகு மாடத்தைக் காட்டி, 1349, 1933, 2019 ஆகிய மூன்று ஆண்டுகளையும் அவளுக்குச் சொல்லும். மற்ற ஏழு நகரங்களை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.”