நெடுந்தொலைவு நீச்சலில் வேகப் பங்கீடு

வேகப் பங்கீடு என்பது நெடுந்தொலைவு நீச்சல் வீரர், தொலைவு முழுவதற்கும் உடல்வலிமை போதுமாறு தம் வேகத்தைத் திட்டமிட்டு அமைத்துக்கொள்ளும் முறையாகும். நீச்சற்குளப் போட்டிகளிலும், ஆறு, கடல் ஆகிய திறந்த நீர்நிலைகளில் நீந்தும்போதும் இது முதன்மையான உத்தியாகும். பாக்கு நீரிணையைக் கடந்த நீச்சல் வீரர்களின் முயற்சிகள் இதன் தேவையைக் காட்டுகின்றன.

இயற்பியல் அடிப்படை

நீரின் தடை ஏறத்தாழ வேகத்தின் இருமடிக்கு ஏற்பவும், அதை வெல்லத் தேவையான திறன் மும்மடிக்கு ஏற்பவும் கூடுகின்றன. வேகத்தை 10 விழுக்காடு கூட்டினால் தேவைப்படும் திறன் ஏறக்குறைய 33 விழுக்காடு கூடும். எனவே தொடக்கத்தில் விரைந்து பின்னர் தளர்வதைவிடச் சீராக நீந்துவதே சிக்கனமானது.

வகைகள்

* சீர்வேகம்: தொலைவு முழுவதும் ஏறத்தாழ ஒரே வேகம்.
* ஏறுவேகம்: முதற்பாதியைவிட இரண்டாம் பாதி விரைவானது.
* இறங்குவேகம்: முதற்பாதி விரைவானது. பழக்கமற்றவர்கள் பெரும்பாலும் அறியாமலே இதில் விழுகின்றனர்.

ஒரே வீரர் வெவ்வேறு உத்திகளைக் கையாள்வதும் உண்டு. அமெரிக்க வீரர் பாபி ஃபின்கி, 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கின் 1500 மீட்டர் போட்டியில் இறுதி 50 மீட்டரில் முந்தி வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தொடக்கம் முதலே முன்னணியில் நீந்தி, 14 நிமிடம் 30.67 நொடிகளில் உலக சாதனை படைத்தார்.

ஆறும் கடலும்

திறந்த நீரில் கடந்த தொலைவு மட்டும் சரியான அளவுகோல் ஆகாது. மணிக்கு 3 கி.மீ. நீந்தும் ஒருவர், மணிக்கு 2 கி.மீ. நீரோட்டத்தை எதிர்த்தால் 1 கி.மீ. மட்டுமே முன்னேறுவார், உடன் சென்றால் 5 கி.மீ. முன்னேறுவார். உழைப்போ இரண்டிலும் ஒன்றே. தாமிரபரணி போன்ற ஆற்றில் நீரோட்டத்தின் திசை தெளிவானது. நீரிணையிலோ காற்றாலும் ஓதத்தாலும் அது மாறக்கூடும். ஆகவே நிமிடத்திற்கான கைவீச்சு எண்ணிக்கையைச் சீராக வைத்து, துணைப்படகிலிருந்து உரிய இடைவெளிகளில் உணவும் நீரும் பெறுவது வழக்கம்.

பாக்கு நீரிணையில்

மு. நவரத்தினசாமி 1954இல் இந்நீரிணையை நீந்திக் கடந்தார். மிகிர் சென் 1966 ஏப்ரலில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்த 25 மணி 36 நிமிடம் எடுத்துக்கொண்டார். வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் கோடியக்கரைக்குச் சென்று திரும்பும் இருவழி நீச்சலை 51 மணி நேரத்தில் முடித்தார். இருவழி நீச்சலில் மறுகரை பாதித் தொலைவே என்பதால், திரும்புவதற்கான வலிமையையும் தொடக்கத்திலேயே கணக்கிட வேண்டும். தமிழ்நாட்டின் குற்றாலீசுவரன் 1994இல் சிறுவயதிலேயே இந்நீரிணையைக் கடந்தார்.

வெப்பநிலையும் ஆபத்தும்

ஒரு நீர்நிலைக்கு ஏற்ற வேகம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. குளிர்நீரில் வேகம் மிகக் குறைந்தால் உடல் உண்டாக்கும் வெப்பம் போதாமல் போகும். வெந்நீரில் வேகம் மிகுந்தால் உடல்வெப்பம் வெளியேற வழியிருக்காது. பாக்கு நீரிணை வெதுவெதுப்பானது. ஆங்கிலக் கால்வாய் குளிர்ந்தது. அக்கால்வாயைக் கடக்க முயன்றபோது ஆனந்தன் 1984 ஆகஸ்ட் 6 அன்று உயிரிழந்தார். 2010இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் வெதுவெதுப்பான கடலில் நடந்த 10 கி.மீ. போட்டியில் அமெரிக்க வீரர் பிரான் கிரிப்பன் இறந்தார். அதன் பின்னர் போட்டி நீரின் வெப்பநிலைக்கு 31 பாகை செல்சியசு என மேல் எல்லை வகுக்கப்பட்டது. எனவே வேகப் பங்கீட்டில், இலக்கை அடைவதற்கான திட்டத்துடன், எந்நிலையில் முயற்சியைக் கைவிடுவது என்னும் முடிவும் அடங்கும்.