வீடியோ ஓடுகிறது, ஆனால் தளம் ஏற்கவில்லை: ஃபைலில் என்ன பிரச்னை? எப்படி சரிசெய்வது?

பாலகாட்டில் வீடு, பெங்களூருவில் வேலை. கோலார் தங்க வயலில் இருந்து தினமும் காலையில் ரயில் பிடிப்பவர்களில் நீங்களும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெரு தாத்தாவை உட்கார வைத்து, சுரங்கத்தில் வேலை பார்த்த கதையைப் பேட்டி எடுத்தீர்கள். இரண்டு ராத்திரி எடிட் செய்தீர்கள். மூன்றாவது ராத்திரி அப்லோட் போட்டுவிட்டுத் தூங்கினீர்கள். காலையில் பார்த்தால் திரையில் ஒரே ஒரு சிவப்பு வரி: ஃபைல் சரிபார்ப்பு தோல்வி.

அதே ஃபைல் உங்கள் லேப்டாப்பில் அருமையாக ஓடுகிறது. அப்புறம் என்னதான் பிரச்னை?

பெரும்பாலும் உங்கள் காட்சியில் எந்தக் கோளாறும் இருக்காது. அது வைக்கப்பட்டிருக்கும் உறையில்தான் ஏதோ ஒன்று பொருந்தவில்லை. எது பொருந்தவில்லை என்று கண்டுபிடிக்க ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையில் போனால் பல நேரங்களில் மறுபடி எக்ஸ்போர்ட் செய்யவே தேவை இருக்காது.

முதலில், செய்யக் கூடாதவை

எரர் வந்ததும் பலரும் செய்வது, கைக்குக் கிடைத்த ஒரு கன்வெர்ட்டரில் போட்டு மாற்றுவது. அது தோற்றால் இன்னொன்று. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் படத்தின் தரம் கொஞ்சம் குறையும். பிரச்னை ஃபைல் பெயரில் இருந்தால், நீங்கள் இழந்த தரம் முழுக்க வீண்.

இரண்டாவது, மெமரி கார்டை அவசரப்பட்டு ஃபார்மேட் செய்யாதீர்கள். தளம் ஏற்றுக்கொண்டு, நீங்களும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கும்வரை மூல ஃபைல் அப்படியே இருக்கட்டும். கே.ஜி.எஃப் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. உள்ளே இறங்கி வேலை பார்த்தவர்களின் வயதை நினைத்துப் பாருங்கள். விளம்பரப் படம் என்றால் மறுபடி எடுத்துவிடலாம். இந்தப் பேட்டியை அப்படி எடுக்க முடியும் என்று யாரும் உறுதி தர முடியாது.

பிளேயரில் ஓடுவது ஏன் போதாது?

விஎல்சி போன்ற பிளேயரின் வேலை, எப்படியாவது படத்தைக் காட்டுவது. ஃபைல் பெயரின் கடைசியில் என்ன போட்டிருந்தாலும் உள்ளே இருப்பதைத் தானே கண்டுபிடிக்கும். சில ஃப்ரேம்கள் கெட்டிருந்தால் தாண்டிப் போகும். தவறுகளைப் பொறுத்துக்கொள்வதுதான் அதன் திறமை.

சரிபார்ப்பு மென்பொருளின் வேலை இதற்கு நேர் எதிர். எந்தச் சாதனத்தில் ஓட்டினாலும் ஒரே மாதிரி ஓடுமா என்று உறுதிசெய்ய வேண்டியது அதன் பொறுப்பு. அதனால் ஒவ்வொரு விதியாகப் பார்க்கும், ஒன்று பொருந்தாவிட்டாலும் திருப்பி அனுப்பும். ‘என் கம்ப்யூட்டரில் ஓடுதே’ என்ற வாதம் அங்கே எடுபடாது.

படி 1: ஃபைல் முழுசாகப் போய்ச் சேர்ந்ததா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1080பி, விநாடிக்கு 25 ஃப்ரேம், ப்ரோரெஸ் 422 எச்க்யூ தரத்தில் எடுத்த வீடியோ விநாடிக்கு சுமார் 184 மெகாபிட் எடுத்துக்கொள்ளும். 10 நிமிடப் படம் என்றால் ஏறத்தாழ 13.8 ஜிபி. உங்கள் அப்லோட் வேகம் 20 எம்பிபிஎஸ் என்றால் ஒன்றரை மணி நேரம் ஆகும். 5 எம்பிபிஎஸ் என்றால் ஆறு மணி நேரத்துக்கும் மேல். இணையத் திட்டத்தில் விளம்பரப்படுத்தும் வேகம் பல நேரம் டவுன்லோடு வேகம்தான், அப்லோட் வேகத்தைத் தனியாக அளந்து பாருங்கள்.

இவ்வளவு நேரத்தில் லேப்டாப் ஸ்லீப் மோடுக்குப் போகலாம், வைஃபை ஒரு தடவை அறுந்து சேரலாம். அப்படி அரைகுறையாகப் போன ஃபைல்தான் நிராகரிக்கப்படும் காரணங்களில் மிக எளிமையானது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பென் டிரைவுக்குக் காப்பி செய்யும்போதும் இதே கதை நடக்கும்.

சோதிக்கும் வழி எளிது. இரண்டு பக்கமும் ஃபைல் அளவை பைட் கணக்கில் ஒப்பிடுங்கள். ‘13.8 ஜிபி’ என்ற தோராயம் போதாது, கடைசி இலக்கம்வரை பொருந்த வேண்டும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் செக்சம் எடுங்கள். ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை மாதிரியான ஓர் எண் அது. ஒரே ஒரு பிட் மாறினாலும் எண் மாறிவிடும். 7-ஜிப் நிறுவியிருந்தால் ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்தே இதைப் பெறலாம்.

4 ஜிபி என்ற எல்லையையும் நினைவில் வையுங்கள். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் 4 ஜிபி அளவை எட்டும் ஒற்றை ஃபைலை வைக்க முடியாது. பல கேமராக்கள் நீண்ட காட்சியை 4 ஜிபி துண்டுகளாகப் பிரித்து எழுதுவதும் இதனால்தான். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாறினால் இந்தத் தொல்லை இல்லை.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய வீடியோவை ஒருபோதும் மூல ஃபைலாக எடுக்காதீர்கள், அது சுருக்கப்பட்டிருக்கும். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். அதன் வரம்பு 2 ஜிபி.

படி 2: பெயரில் ஒளிந்திருக்கும் பிரச்னை

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

‘கோலார்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாக எழுதலாம். ‘க’வுக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு விதம். ஏகாரக் கொம்பு தனியாக, கால் தனியாக என இரண்டு குறியீடுகளாகச் சேர்ப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். ஆனால் கம்ப்யூட்டருக்கு முதலாவது 18 பைட், இரண்டாவது 21 பைட்.

மேக்கின் பழைய டிஸ்க் வடிவமான எச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களைப் பிரித்து எழுதும் இரண்டாவது முறையில் சேமிக்கும். அந்த டிஸ்க்கிலிருந்து வந்த ஃபைலை, விண்டோஸில் தட்டச்சு செய்த பட்டியலோடு ஒப்பிட்டால், ‘அப்படி ஒரு ஃபைல் இல்லை’ என்று சரிபார்ப்பு மென்பொருள் சொல்லக்கூடும். நீங்கள் கண்ணை எவ்வளவு கசக்கிப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது.

நீளமும் ஒரு சிக்கல். லினக்ஸ் சர்வர்களில் ஃபைல் பெயரின் உச்சவரம்பு பொதுவாக 255 பைட். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும் என்பதால் 85 குறியீடுகளில் இடம் தீர்ந்துவிடும். ‘தாத்தா பேட்டி இறுதி புதுசு இதுதான் கடைசி’ என்று நீட்டிக்கொண்டே போனால் மாட்டிக்கொள்வீர்கள்.

தீர்வு: அனுப்பும் ஃபைலுக்கு மட்டும் ஆங்கிலச் சிறிய எழுத்துகள், எண்கள், அடிக்கோடு ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள். இடைவெளி, கேள்விக்குறி, சாய்கோடு வேண்டாம். தமிழ்த் தலைப்பை தளத்தில் இருக்கும் தலைப்புப் பெட்டியில் கொடுத்தால் போதும்.

படி 3: டிபன் கேரியரும் உள்ளே இருக்கும் சாப்பாடும்

எம்பி4, எம்ஓவி, எம்எக்ஸ்எஃப் இவையெல்லாம் வெறும் கேரியர்கள். எச்.264, எச்இவிசி, ப்ரோரெஸ் என்பவை உள்ளே இருக்கும் சாப்பாடு. கேரியரைப் பார்த்து உள்ளே சாம்பாரா ரசமா என்று சொல்ல முடியாது. எம்ஓவி என்ற பெயரை எம்பி4 என்று நீங்களே மாற்றி எழுதினால், மூடியில் ஒட்டிய சீட்டுதான் மாறியிருக்கும். சரிபார்ப்பு மென்பொருள் திறந்து பார்த்ததும் கண்டுபிடித்துவிடும்.

உள்ளே இருப்பதைப் பார்க்க மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். ஃபைலை அதற்குள் இழுத்துப் போட்டால் கண்டெய்னர், கோடெக், ஃப்ரேம் ரேட், ஒலி விவரம் எல்லாம் பட்டியலாக வரும். எரர் வந்தவுடன் நீங்கள் திறக்க வேண்டிய முதல் மென்பொருள் இதுதான்.

எம்பி4 ஃபைலுக்குள் ‘மூவ்’ என்றொரு பகுதி உண்டு. எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பொருளடக்கம் அது. பொதுவாக, பதிவு முடிந்த பிறகுதான் கேமரா இதை எழுதும். இதில் இரண்டு விதமான பிரச்னைகள் வரும்.

ஒன்று, பொருளடக்கம் ஃபைலின் கடைசியில் இருப்பது. யூடியூப் தன் பரிந்துரையில் இதை முன்னால் வைக்கச் சொல்கிறது. எடிட்டிங் மென்பொருளில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்’, ஹேண்ட்பிரேக்கில் ‘வெப் ஆப்டிமைஸ்டு’ என்று இருப்பதை டிக் செய்தால் போதும். ஏற்கெனவே எக்ஸ்போர்ட் செய்துவிட்டீர்களா? ஷட்டர் என்கோடரில் உள்ள ‘ரீராப்’ மூலம் படத்தைத் தொடாமல் கேரியரை மட்டும் மாற்றலாம். தரம் துளியும் குறையாது, வேலையும் சீக்கிரம் முடியும்.

இரண்டாவது, பொருளடக்கமே இல்லாமல் போவது. பேட்டி நடுவில் பேட்டரி இறங்கினாலோ, கார்டை அவசரமாகப் பிடுங்கினாலோ இப்படி ஆகும். ஃபைல் பல ஜிபி இருக்கும், ஆனால் எதிலும் திறக்காது. மனம் தளர வேண்டாம், காட்சி பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும். அந்தக் கார்டில் மேற்கொண்டு எதையும் பதிவு செய்யாமல் எடுத்து வையுங்கள். அதே கேமராவில், அதே செட்டிங்கில் நன்றாகப் பதிவான இன்னொரு கிளிப்பை மாதிரியாகக் கொடுத்தால், அன்ட்ரங்க் என்ற திறந்த மூல மென்பொருள் பொருளடக்கத்தை மறுபடி கட்ட முயலும். எல்லா முறையும் வெற்றி கிடைக்காது. ஆனால் கார்டில் ஃபைல் அப்படியே இருந்தால்தான் முயலவே முடியும்.

படி 4: எண்கள் பொருந்துகின்றனவா?

ஃப்ரேம் ரேட்: பல மொபைல்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃப்ரேம் ரேட்டை ஏற்றி இறக்கிக்கொள்ளும். மீடியாஇன்ஃபோவில் ‘வேரியபிள்’ என்று காட்டினால் அதுதான் விஷயம். தொழில்முறைத் தளங்கள் நிலையான ரேட்டைத்தான் எதிர்பார்க்கும். ஹேண்ட்பிரேக்கில் ‘கான்ஸ்டன்ட்’ தேர்வு செய்து, எடிட் தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள். 24-ம் 23.976-ம் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். இரண்டையும் குழப்பினால் ஒரு மணி நேரப் படத்தில் ஒலிக்கும் உதட்டசைவுக்கும் 3.6 விநாடி இடைவெளி விழும்.

நிறம்: ஐபோன் 12-லிருந்து வந்த மாடல்கள் 10 பிட் எச்டிஆரில் பதிவு செய்யும் வசதி கொண்டவை. எஸ்டிஆர் கேட்கும் இடத்தில் அதை அப்படியே கொடுத்தால் நிராகரிக்கப்படலாம், அல்லது முகம் வெளிறித் தெரியலாம். சாதாரண வேலைக்கு நிறத் தகவல் பிடி.709 என்று இருக்க வேண்டும்.

ஒலி: வீடியோவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ். பாட்டு ஃபைல்களில் வழக்கமாக இருக்கும் 44.1 அல்ல.

எங்கே கொடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம்

யூடியூப் இருப்பதிலேயே தாராளம். 256 ஜிபி அல்லது 12 மணி நேரம், இதில் எது குறைவோ அதுவரை ஏற்கும். சரிபார்க்கப்படாத கணக்குக்கு 15 நிமிடம்தான். 1080பி வீடியோவுக்கு விநாடிக்கு 8 மெகாபிட்டைப் பரிந்துரைக்கிறது. அதன்படி எச்.264-இல் எக்ஸ்போர்ட் செய்தால், மேலே சொன்ன 13.8 ஜிபி படம் சுமார் 600 எம்பிக்குள் வந்துவிடும்.

ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் போன்ற தளங்களில் கிளிப் 5 முதல் 60 விநாடிக்குள் இருக்க வேண்டும். ஒரு விநாடி கூடினாலும் திரும்பி வரும்.

நெட்ஃபிளிக்ஸ் போன்ற ஓடிடி தளங்கள் ஐஎம்எஃப் என்ற தொகுப்பைக் கேட்கும். வசனத்தின் சராசரி ஒலி அளவு மைனஸ் 27 எல்கேஎஃப்எஸ், இரண்டு அலகு கூடக்குறைய இருக்கலாம் என்பது நெட்ஃபிளிக்ஸின் விதி. தொகுப்பைச் சரிபார்க்க ஃபோட்டான் என்ற திறந்த மூல மென்பொருளையும் அது வெளியிட்டிருக்கிறது. அனுப்புவதற்கு முன் நீங்களே ஓட்டிப் பார்க்கலாம்.

தியேட்டருக்கான டிசிபி இன்னும் கறார். படம் ஜேபெக் 2000 வடிவில், விநாடிக்கு 250 மெகாபிட்டுக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஃபைலின் செக்சமும் பட்டியலில் பதிவாகியிருக்கும். அதனால் உள்ளே இருக்கும் ஃபைலைத் திறந்து சின்னதாக ஒரு திருத்தம் செய்தாலும் தொகுப்பு செல்லாது.

எல்லாம் பார்த்தும் சரியாகவில்லையா?

தளத்தின் உதவிக் குழுவுக்கு எழுதுங்கள். ‘அப்லோட் ஆகலை, ப்ளீஸ் ஹெல்ப்’ என்று மட்டும் எழுதினால் பதிலுக்கு நான்கு கேள்விகள்தான் வரும். எரர் செய்தியை எழுத்து மாறாமல், மீடியாஇன்ஃபோ கொடுத்த அறிக்கை, பைட் கணக்கில் ஃபைல் அளவு, முயன்ற நேரம் ஆகிய நான்கையும் முதல் மெயிலிலேயே கொடுங்கள். இரண்டு நாள் மிச்சமாகும்.

அடுத்த முறைக்கு ஒரு பழக்கம்: முழுப் படத்தையும் எக்ஸ்போர்ட் செய்வதற்கு முன் 30 விநாடியை மட்டும் அதே செட்டிங்கில் எடுத்து, அதே தளத்தில் ஏற்றிப் பாருங்கள். தளம் அதை ஏற்றால் கேரியர், கோடெக், எண்கள் மூன்றும் சரி. மிச்சம் இருப்பது நீளம், அளவு, நெட்வொர்க் மட்டும்தான். ராத்திரி முழுக்க ஓடப்போகும் அப்லோடின் முடிவு ஐந்து நிமிடத்திலேயே ஏறக்குறைய தெரிந்துவிடும். தாத்தாவின் பேட்டி மூலமும் இரண்டு இடங்களில் பத்திரமாக இருந்தால், காலையில் சிவப்பு வரியைப் பார்த்தாலும் பதற்றமில்லாமல் ரயில் பிடிக்கலாம்.