இருவகைத் துணைக்கோள்கள்

சென்னையை விட்டு வடக்கே பிழைக்கச் சென்ற நம்மில் பலர் ரேணிகுண்டாவைக் கடந்தே சென்றிருப்போம். சித்தூரும் திருப்பதியும் நமக்கு அயல் நிலங்கள் அல்ல. 1953 வரை அவை சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தன. இன்றும் அங்குத் தமிழ் பேசுவோர் உளர். திருமலையின் பெருமையை அறிந்த நாம், வகுப்பறையின் வரலாற்றில் இப்பகுதிக்குள்ள இடத்தை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. பள்ளிக்கூடத்தை மாற்ற முனைந்த இரு கருவிகள் இங்கிருந்து புறப்பட்டன. ஒன்று விண்ணிற்குச் சென்றது. மற்றொன்று ஒரு பெட்டிக்குள் அடங்கியது.

கருவி என்றால் இயந்திரமாகத்தான் இருத்தல் வேண்டும் என்பதில்லை. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் விரலால் எழுதிய மணலும் கருவியே. 1789-ல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளி ஒன்றில் அம்மணலெழுத்தைக் கண்டு தம் பள்ளியிலும் புகுத்தினார். கற்ற மாணவனைக் கொண்டே கல்லாத மாணவனுக்குச் சொல்லிக் கொடுக்கவும் செய்தார். 1797-ல் இலண்டனில் அவர் இதுபற்றி நூல் வெளியிட்டபின், ‘சென்னை முறை’ என்ற பெயரோடு இது இங்கிலாந்தில் பரவிற்று.

சுதந்திர இந்தியாவில் பள்ளிகள் பெருகின, ஆசிரியர் போதவில்லை. விண்வழிப் பாடம் இக்குறையைத் தீர்க்கும் என்று அறிஞர் நம்பினர். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்கத் துணைக்கோள் ஒன்றின் வழியாக, ஆந்திரம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் சென்றன. அது இரவல் கோள். ஆண்டு முடிந்ததும் அகன்றது. பின்னர், கல்விக்கென்றே நம் நாடு செய்த எடுசாட், 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 2022-ல் திருப்பதி மாவட்டம் அமைந்தபோது அவ்விடம் அதனுள் சேர்ந்தது. ஏறத்தாழ 1,950 கிலோ எடையுள்ள அக்கோள் 2010 வரை பணியாற்றியது.

விண்ணிலிருந்து வரும் பாடத்திற்கு ஓர் இயல்பு உண்டு. வானொலிப் பாடத்திற்கும் அதே இயல்புதான் என்பதை இவ்வேட்டில் நாம் மறைத்தலாகாது. ஒரே குரல், ஒரே வேகம்! காய்ச்சலில் படுத்த பிள்ளைக்காக அது காத்திராது.

காத்திருக்கும் கருவி மதனப்பள்ளிக்கு அருகில் பிறந்தது. ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊர் அது. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அங்கு அவர் நிறுவிய ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியின் சுற்றுப்புறச் சிற்றூர்களில் சிறு பள்ளிகள் தோன்றின. அவற்றிற்கும் ‘துணைக்கோள் பள்ளிகள்’ என்றே பெயர்! ஓர் அறை, ஓர் ஆசிரியர், பல வகுப்புகள். பத்மநாப ராவும் ரமாவும் அங்குப் பாடநூலைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்தனர். சுவரில் ஓர் ஏணிப்படம் தொங்கும். ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னம். பிள்ளை தான் நிற்கும் படியைக் கண்டு, உரிய அட்டையைத் தானே எடுக்கும். நோயுற்றுத் திரும்பிய பிள்ளை விட்ட படியிலிருந்தே தொடரும். ஒருவர்க்கொருவர் கற்பிக்கும் குழுவும் உண்டு. எழும்பூரில் பெல் கையாண்ட முறை இங்கு மீண்டும் உயிர்பெற்றது எனலாம்.

2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகள் இம்முறையை மேற்கொண்டன. 2007-ல் தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் அது பரவிற்று. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகவே பிரித்தது. ஆயினும், அட்டையைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் ஒதுங்கிவிட்டால் அதுவும் வெறும் தாளே.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். வெளிமாநிலத் தமிழ் மன்றங்களின் ஞாயிறு வகுப்பை எண்ணிப் பாருங்கள். ஆறு வயதுச் சிறுமியும் பன்னிரண்டு வயதுச் சிறுவனும் ஒரே பாயில் அமர்ந்து அகரம் தொடங்குகின்றனர். சில வாரங்களில் ஒருவருக்குச் சலிப்பு, மற்றவருக்கு அச்சம், இருவரும் வருவதில்லை. ஓர் ஏணிப்படமும் ஒரு பெட்டி அட்டையும் செய்ய நம்மால் இயலாதா? கைப்பேசி வழியே எத்தனையோ பாடங்கள் வருகின்றன, அவற்றையும் ஏற்போம். ஆனால் எந்தக் கருவி வந்தாலும் முதலில் ஒன்றைக் கேட்போம்: பின்தங்கிய பிள்ளைக்காக இது காத்திருக்குமா?