பர்மாவில் செட்டியார் கிட்டங்கி

கண்டரமாணிக்கம், காரைக்குடி, தேவகோட்டை என்று எந்தச் செட்டிநாட்டு ஊருக்குப் போனாலும் பெரிய வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண்களைக் காட்டுவார்கள். அந்தத் தூணுக்கான பணம் எங்கே உட்கார்ந்து சம்பாதித்தது என்பதுதான் பலருக்குத் தெரியாது. அந்த இடத்தின் பெயர் கிட்டங்கி!

1852-ல் ஆங்கிலேயர்கள் கீழ் பர்மாவைப் பிடித்தார்கள். அப்போது ஐராவதி டெல்டாவின் பெரும்பகுதி சதுப்பும் காடும்தான். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி கூடியது. காட்டை வெட்டி வயலாக்க விவசாயி தயார், ஆனால் கையில் காசு இல்லை. ஆங்கிலேய வங்கிகளோ அவனுக்குக் கடன் தர முன்வரவில்லை. அந்த இடைவெளியில் நுழைந்தவர்கள்தான் நகரத்தார்கள்.

கிட்டங்கி என்றால் சரக்கு வைக்கும் இடம் என்று பொருள். ஆனால் இங்கே சரக்கே பணம்தான். நீளமான ஒரு கூடம். அதில் வரிசையாகப் பாய், கணக்கெழுத ஒரு பெட்டி, பக்கத்தில் ஒரு பெட்டகம். அந்தச் சிறிய இடமே ஒரு முழு நிறுவனம்! பகலில் அங்கேதான் தொழில், இரவில் அங்கேயே படுக்கை. முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். மேலாள் தொழிலை நடத்துவார், அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். ஒரு கணக்கு என்பது மூன்று வருடம். அதுவரை மனைவி, பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியாது. ஊரில் இதைக் 'கொண்டுவிக்கப் போவது' என்பார்கள். தங்களுக்குள் வாங்கும் பணத்துக்கான நடப்பு வட்டியை ரங்கூன் செட்டியார் கோயிலில் கூடி மாதாமாதம் முடிவு செய்தார்கள்.

நடவுக்குக் கடன், அறுவடையில் வசூல், நிலமே ஈடு. இப்படியே 1930-களில் கீழ் பர்மாவின் நெல் நிலம் 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. 1930 வாக்கில் பர்மாவில் செட்டியார்கள் போட்டிருந்த முதல் சுமார் 75 கோடி ரூபாய்.

பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. விவசாயியால் கடனைக் கட்ட முடியவில்லை, ஈடு வைத்த நிலம் செட்டியார் பெயருக்கு மாறியது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம்தான் அவர்களிடம் இருந்தது. 1930-களின் கடைசியில் அது 25 சதவீதம். லேவாதேவிக்காரருக்கு வேண்டியது நிலம் இல்லை, சுழலும் பணம். ஆனால் காட்டை வெட்டித் திருத்திய பர்மிய விவசாயி, தன் வயலிலேயே குத்தகைக்காரன் ஆனான். அவனுடைய கோபம் நியாயமானதுதானே?

1942-ல் ஜப்பானியப் படை வந்தபோது கிட்டங்கிகள் காலியாயின. கப்பல் கிடைக்காத லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான், அசாம் காட்டுப் பாதைகளில் நடந்தே வந்தார்கள். பலர் வழியிலேயே இறந்துபோனார்கள். 1948-ல் விடுதலை பெற்ற பர்மா, நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. 1962-ல் ராணுவ ஆட்சி வந்த பிறகு வங்கிகளும் வணிகமும் அரசுடைமையாகி, மிச்சமிருந்த தொழிலும் முடிந்தது.

பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடுகளைப் பார்ப்பவர்கள் அவற்றைக் கட்டியவர்களின் செல்வத்தைப் பேசுவார்கள். மூன்று வருடம் பாயில் படுத்துக் கணக்கெழுதிய பெட்டியடிப் பையனும், வயலை இழந்த டெல்டா விவசாயியும் அந்தக் கதையில் சேர வேண்டியவர்கள்தான்.